உள்ளறையில் இருந்தவள்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் நிறைமாத வயிற்றையே மறைத்தவள்.

என் தங்கைக்கு முதல் பிரசவம் ஆபரேஷன். தையல் போட்ட இடம் சீழ் வைத்து, பிள்ளையைத் தூக்க முடியாமல் நாள்கணக்கில் அழுதாள். இரண்டாவதைக் கத்தி படாமல் வீட்டிலேயே பெறுவேன் என்று ஒரே பிடிவாதம். வளைகுடாவில் இருந்த மாப்பிள்ளை ஏதேதோ வீடியோக்களை அனுப்பித் தூபம் போட்டார். கூறுகெட்ட மனுஷன். மாமியார் சம்மதிக்காததால் அம்மையும் நானும் இருந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த மாமியாருக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

எங்கள் ஊர் நர்ஸ் மூன்று தடவை வந்து பார்த்தார். "மக்கா, வலி வரும்போ பழைய தையலு பிரிஞ்சிரும். பிரஷரும் கூடுதலா இருக்கு. வீட்டுல வச்சுப் பாக்கக்கூடிய பிரசவம் இல்ல இது" என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் போனதும் தங்கை என்னிடம், "அக்கா, இனி அவிய வந்தா நான் இங்க இல்லன்னு சொல்லிரு" என்றாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில், அடுத்தது புகுந்த வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது எனக்குக் கைகொடுத்தது. நான்காம் தடவை நர்ஸ் வாசலில் நின்றபோது, "அவ மாப்பிள வீட்டுக்குப் போயிட்டா சிஸ்டர்" என்றேன். சூடு வைக்க வேண்டிய நாக்கு.

"சரி, அங்க உள்ள நர்ஸுகிட்ட சொல்லிக்கிடுதேன்" என்று போனார்.

மறுநாள் காலையிலேயே வலி கண்டது. மதியம் திடீரென்று, "வலி நின்னுட்டு அக்கா" என்றாள். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுக்குக்காப்பி போட அடுக்களைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. ஆம்புலன்ஸில் நாகர்கோவிலுக்குக் கொண்டு போனோம். பிள்ளை ஏற்கெனவே போய்விட்டிருந்தது. பொழுது சாயும் முன் அவளும் போய்விட்டாள். கர்ப்பப்பை பழைய தையலில் கிழிந்து உள்ளே ரத்தம் கொட்டியிருக்கிறது, வலி நின்றதே அதனால்தான் என்றார் டாக்டர்.

பதினாறாம் நாள் நர்ஸ் வந்தார். "அவ திரும்பி வந்தது எனக்குத் தெரியாமப் போச்சே. இன்னும் ஒரு நட வந்து பாத்திருக்கணும். என் தப்புதான்" என்று அம்மையைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அவள் எங்கேயும் போகவில்லை, நீங்கள் வாசலில் நின்றபோது உள்ளறையில்தான் இருந்தாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் தெருவில் என்னைக் கண்டால் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.