உலகம்மை கொண்டுவந்த இஸ்திரிப்பெட்டி

அஞ்சுகிராமத்து உலகம்மை, புருஷன் செத்த மறு வருஷமே குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனவள். மகள் அபிதாவை அண்ணன் கணபதியப்பன் வீட்டில் விட்டிருந்தாள். அவள் சம்பளத்தில்தான் மகள் நர்சிங் படித்தாள். மாப்பிள்ளை பார்த்ததும் மண்டபம் பேசியதும் அண்ணன்.

கல்யாணத்துக்கு ஊர் கிளம்பும்போது மகளுக்கென்று தங்கத்தில் ஒரு மாலையும் வளையல்களும் வாங்கினாள். வரியில்லாமல் கொண்டுபோகிற அளவுக்குள் நிற்கிறதா என்று கடைக்காரனை மறுபடியும் எடைபோட வைத்து, அங்கேயே அணிந்துகொண்டாள். அன்றைக்கு அண்ணன் போனில் சொன்னான்: "தெரிஞ்ச பயல் ஒருத்தன் இஸ்திரிப்பெட்டி தருவான். உன் சாமானோட போட்டுக் கொண்டாந்திரு."

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எக்ஸ்ரே பார்த்த சுங்க அதிகாரி அந்த இஸ்திரிப்பெட்டியைக் கழற்றினார். உள்ளே தங்கத்தை உருக்கி வார்த்து வைத்திருந்தார்கள்.

"ஆரு தந்ததும்மா? பேரைச் சொல்லிட்டா உங்களுக்கு நல்லது," என்றார் அவர். கெட்ட மனுஷரில்லை. குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

கதவு திறக்கும்போதெல்லாம், வெளியே கம்பித் தடுப்புக்குப் பின்னால் அண்ணன் நிற்பது தெரிந்தது. அவனைப் பிடித்துக்கொண்டு போனால் கல்யாணம் நின்றுவிடும்.

"எனக்குள்ளதுதான் சார். நான்தான் வச்சேன்."

போட்டிருந்த நகையையும் கழற்றச் சொன்னார்கள்.

"இது அளவுக்குள்ளதுதானே சார். மகளுக்கு."

"கடத்திக்கொண்டு வந்தவங்களுக்கு அந்தச் சலுகை கிடையாதும்மா."

அடுத்த தரம் கதவு திறந்தபோது அண்ணன் அங்கே இல்லை.

அபிதாவுக்குத் தாலி ஏறிய அன்று உலகம்மை சிறையில் இருந்தாள். கணபதியப்பன் தாரை வார்த்துக் கொடுத்தான். அவள் செய்த காரியத்தில் தன் வீட்டில் ஒருவருக்கும் பங்கில்லை என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அவனே முந்திப்போய்ச் சொல்லியிருந்தான்.

ஜாமீனில் வந்தாள். பாஸ்போர்ட் கோர்ட்டில் இருந்தது. திரும்பப் போக வழியில்லை. அண்ணன் வீட்டுப் பின்கட்டில் படுக்க இடம் கிடைத்தது. சமையலும் பாத்திரமும் அவள் தலையில் விழுந்தன.

ஒருநாள் அபிதா வந்து அடுக்களை வாசலோடு நின்றாள்.

"ஏம்மா இப்படிச் செஞ்சே? மாமா மட்டும் இல்லாட்டி அவங்க அன்னைக்கே எழும்பிப் போயிருப்பாவ."

"அந்தப் பெட்டியைக் கொண்டாரச் சொன்னதே உன் மாமாதான் மக்கா."

அபிதா அவளையே பார்த்தாள். "சோறு போடுத ஆளைப் போயி சொல்லுதியே. உனக்கு வெக்கமா இல்லியா?"

முன்னறையிலிருந்து கணபதியப்பன் குரல் கொடுத்தான். "உலகு, மருமவ வந்திருக்காள்லா, காப்பி போடு."

உலகம்மை எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.