கோட்டுப் போட்ட பஞ்சம்

வெள்ளைக்காரத் துரைக்குப் பொய் சொன்னவர்கள் தேயிலைத் தோட்டத்தில் நிறையப் பேர் உண்டு. காய்ச்சல், வயிற்றுவலி, பக்கத்துத் தோட்டத்தில் சாவு என்று அளவான பொய்கள். நான் சொன்னது கொஞ்சம் பெரியது. சொன்னதற்கு இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. சரியாகச் சொல்லத் தெரியவில்லையே என்றுதான் வருத்தம்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி, இலங்கை மலையகம். எனக்கு இருபத்திரண்டு வயது. அட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து, நாலு ஆங்கில வார்த்தை கூடுதலாகத் தெரிந்த கர்வத்தோடு அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போயிருந்தேன். அங்கே ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பெண்பிள்ளை என்றால் கொழுந்துக் கூடை, ஆண்பிள்ளை என்றால் மண்வெட்டி. எனக்கு அது பிடிக்கவில்லை. நேரே துரையிடம் போய், படித்து முடித்த பிள்ளைகளில் ஆர்வமுள்ளவர்களைப் புதனும் சனியும் பிற்பகல் இரண்டு மணிக்கு வகுப்புக்காகக் கொழுந்து மலையிலிருந்து இறக்கிவிடும்படி கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூன்று மாதம் நடத்துங்கள். கடைசியில் நானே வந்து பார்ப்பேன். எனக்குப் பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுவேன்" என்றார் ஆங்கிலத்தில்.

பதினாறு பேர் சேர்ந்தார்கள். பதினான்கிலிருந்து பதினாறு வயதுக்குள். கால் நிறையச் சேறும் அட்டைக்கடி இரத்தமுமாக வந்து உட்காருவார்கள். உட்கார்ந்ததும் பாதிப் பேருக்குத் தூக்கம் வரும், மீதிப் பேருக்குக் குறும்பு வரும்.

சரித்திரப் புத்தகத்தில் உலகப் பொருளாதார நெருக்கடி என்று ஒரு பாடம் இருந்தது. அவர்கள் பிறப்பதற்கு ஏழெட்டு வருடத்துக்கு முந்திய கதை. அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தன, ஆலைகள் மூடின, தேயிலையை வாங்க ஆளில்லாமல் போனது, நம் தோட்டங்களிலும் கொழுந்தைக் குறைத்து எடு என்றார்கள், பல குடும்பங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பினார்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன்.

"சாமான் நெறைய இருந்திச்சுங்கிறீங்க. அப்பறம் எப்புடி டீச்சர் பஞ்சம் வரும்?" என்று ஒருத்தி கேட்டாள். பதினைந்து வயது. கொழுந்தெடுப்பதில் அவள் கைக்கு ஈடில்லை; வாய் அந்தக் கையைவிட வேகம்.

நான் விளக்கினேன். எனக்கே விளங்காத ஒன்றை விளக்கும்போது குரல் கொஞ்சம் உயரும். அவள் பரிதாபமாக என்னைப் பார்த்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்றாள். அந்தச் 'சரிங்க' எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரம் அட்டனில் ஒரு படவண்டி நின்றது. ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடங்களுக்கும் தோட்டங்களுக்கும் படம் காட்டும் வண்டி. அதை ஓட்டிவந்த சிங்களக்காரரிடம் என் அரைகுறைச் சிங்களத்தில் விசாரித்தேன். மலேரியாக் கொசு இருக்கிறது, பசு வளர்ப்பு இருக்கிறது என்றார். பிறகு பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு தகரச் சுருளை எடுத்து, அமெரிக்காவின் கஷ்ட காலத்தைப் பற்றியது, இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை என்று சிரித்தார். நான் பிடித்துக்கொண்டேன். வாயால் சொன்னது ஏறாவிட்டால் கண்ணால் ஏறட்டும்!

படம் காட்ட மின்சாரமுள்ள ஒரே இடம் ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை. துரையிடம் அனுமதி கேட்டேன். "நல்லது. மூன்று மாதமும் முடிகிறது. அன்றைக்கே வந்து பார்த்துவிடுகிறேன்" என்றார். 

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கொழுந்தைப் பரப்பி வாட்டும் மேல்தட்டு காலியாக இருந்தது. சன்னல்களுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கினோம். முன்னால் நாற்காலியில் துரை, அவருக்குப் பின்னால் நின்றபடி தோட்டத்து ஆபீஸைப் பார்க்கும் பெரிய கிளாக்கர், பலகைத் தரையில் என் பதினாறு பேர். படம் ஆங்கிலத்தில் பேசியது. நான் திரைக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நீளமான தெரு. சுவரோரமாக மனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எல்லார் மேலும் கோட்டு, தலையில் தொப்பி, காலில் சப்பாத்து, கையில் ஒரு தகரக் குவளை. வரிசையின் முடிவில் பெரிய அண்டா. ஒருவர் அகப்பையால் கஞ்சி மாதிரி எதையோ ஊற்றுகிறார்.

"இவர்கள்தான் வேலை இழந்தவர்கள். சாப்பாட்டுக்கு வழியில்லாத ஏழைகள்" என்று குரலைத் தாழ்த்தி உருக்கமாகச் சொன்னேன்.

பதினாறு கழுத்துகளும் திரையை நோக்கி நீண்டன. ஆகா, பாடம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

"டீச்சர், இவங்க தொரைங்கதான!" என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான். மேல்தட்டே அதிர்ந்தது.

"தொரைங்களுக்கு பெரட்டு வச்சிருக்காங்கடா!"

"அந்தா, அந்த ஒசந்த தொப்பிக்காரரு வரிசைய விட்டு வெலகிட்டாரு. அவருக்கு இன்னிக்கிப் பேர் கெடையாது, வெரட்டு வெரட்டு!"

"குனிஞ்சு வாங்கிக்கங்க தொர, சிந்தாம!"

தோட்டத்தில் பெரட்டு என்பது விடிகாலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது. பிந்தி வந்தால் அன்றைய பேர் இல்லை, அதாவது கூலி இல்லை, போ என்று விரட்டுவார்கள். கோட்டும் தொப்பியும் சப்பாத்தும் போட்டவர் விரட்டுவார். வெறுங்காலோடு நிற்பவர் விரட்டப்படுவார். பிறந்ததிலிருந்து அவர்கள் பார்த்தது அதுதான். திரையில் அது தலைகீழாக நடந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அன்று எனக்கு இந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை. பதினாறு பேரையும் வரிசையாக நிறுத்தி அறையலாம் போலிருந்தது.

நடுவில் ஓரிடத்தில் மட்டும் சிரிப்பு நின்றது. விற்காத பாலைக் கேன் கேனாகத் தெருவில் கவிழ்த்தார்கள். "பாவிங்களா, பக்கத்துத் தெருவுலதான பசியோட நிக்கிறாங்க" என்று யாரோ முணுமுணுத்தார்கள். தொண்டை வறள நான் புரியவைக்க முயன்றது அதுதான். ஆனால் அடுத்த காட்சியிலேயே மறுபடி வரிசை வந்தது. மறுபடி சிரிப்பு.

படம் முடிந்ததும் துரை எழுந்து என்னிடம் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியும். வா, போ, வெட்டு, எடு, சுருக்கா என்ற அளவுக்குத் தெரியும். கட்டளை போட அது போதும், சிரிப்பைப் புரிந்துகொள்ளப் போதாது.

"இத்தனை சோகமான படத்துக்கு ஏன் சிரித்தார்கள்?"

பதினாறு முகங்களும் என்னைப் பார்த்தன. நான் துரையின் காதில் பூச்சுற்றினேன். "அந்த வரிசை அவர்களுக்குப் பிடித்துவிட்டது, சார். தள்ளாமல், முந்தாமல் எவ்வளவு ஒழுங்கு! நம் பெரட்டும் இப்படி இருந்தால் நன்றாக இருக்குமே என்று சந்தோஷப்பட்டார்கள்."

இரண்டு பாஷையும் அறிந்த பெரிய கிளாக்கர் பலமாக இருமிவிட்டுக் கூரையைப் பார்த்தார். துரையின் முகம் மலர்ந்தது. வகுப்பு தொடரலாம் என்றார். அதோடு விட்டாரா? நாளைக் காலைப் பெரட்டில் இந்தப் பதினாறு பேரும் படத்தில் பார்த்தபடி ஒற்றை வரிசையில் நின்று மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றார்.

கீழே இறங்கியதும் பொரிந்து தள்ளினேன். "அவங்க தொரைங்க இல்ல, ஏழைங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

அந்தப் பெண் விரலை மடக்கி எண்ணினாள். "கோட்டு, தொப்பி, சப்பாத்து. மூணும் இருக்கு. அவங்க ஏழைன்னா நாங்க யாரு டீச்சர்?"

 பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும். "அதெல்லாம் அப்பறம். நாளைக்கி ஒழுங்கா நில்லுங்க, வகுப்பே அதுலதான் இருக்கு. படத்துல பாத்த மாதிரியே நிக்கணும்."

"அதே மாதிரியேவா டீச்சர்?"

"அச்சு அசலா."

"சரிங்க டீச்சர்."

மறுபடியும் அந்தச் 'சரிங்க'. அப்போதாவது நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பெரட்டுக்களம் பள்ளிக்கூடத்துக்குக் கீழேதான். விடிகாலையில் பனிமூட்டத்துக்குள் எட்டிப் பார்த்தேன். ஒற்றை வரிசை வந்துகொண்டிருந்தது. பதினாறு பேர் மேலும் கோட்டு. ஆட்களை மேய்த்த தாத்தாமாரின் கங்காணிக் கோட்டு, கல்யாணக் கோட்டு, கிறிஸ்மஸ் நாடகத்து ராஜா கோட்டு. கிடைக்காதவர்கள் மேல் சாக்கில் கை வெட்டித் தைத்த கோட்டு. தலையில் தொப்பிகள், இல்லாதவர்களுக்குப் பனங்கட்டி வரும் ஓலைப் பெட்டி. கையில் ஆளுக்கொரு தகரக் குவளை. காலில் மட்டும் ஒன்றுமில்லை. சப்பாத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. படத்தில் இருந்தவர்களைப் போலவே தோளைக் குறுக்கி, கண்ணைத் தாழ்த்தி, மெல்ல மெல்ல நகர்ந்து துரைக்கு முன்னால் வந்து நின்று குவளையை நீட்டினார்கள். முதலில் அந்தப் பெண். ஆயிரம் கூடைக் கொழுந்தை ஒரே நேரத்தில் கவிழ்த்தது போல் மொத்தப் பெரட்டும் சிரித்துச் சரிந்தது.

துரை சிரிக்கவில்லை. கோட்டுகளைப் பார்த்தார். தொப்பிகளைப் பார்த்தார். பிறகு தன்னுடைய கோட்டைக் குனிந்து பார்த்தார். என்னைக் கீழே வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"நேற்று நீங்கள் சொன்னது பொய்."

"ஆமாம், சார்."

"ஏன் சிரித்தார்கள்? இப்போது சொல்லுங்கள்."

இனி மறைக்க என்ன இருக்கிறது? "துரைமார் சோற்றுக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர்கள் ஏழைகள் என்று சொன்னேன். அவர்கள் ஏழைகள் என்றால் நாங்கள் யார் என்று கேட்டார்கள்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"எனக்குப் பதில் தெரியவில்லை, சார். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், அவர்களிடம் சொல்லிவிடுகிறேன்."

அவர் நீண்டிருந்த குவளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "அப்படியானால் அவர்கள் போதுமான அளவு படித்துவிட்டார்கள். புதன்கிழமை முதல் மலையிலேயே நிற்கட்டும்."

என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம். புதன்கிழமை இரண்டு மணிக்கு வெறும் வாங்குப் பலகைகளைப் பார்த்தபடி உட்கார்ந்து அழுதேன். துரை மேல் ஆத்திரம், பிள்ளைகள் மேல் ஆத்திரம், அச்சு அசலாக என்று சொன்ன என் வாயின் மேல் அதைவிட ஆத்திரம்.

கூடை நிறுக்கப் போன வழியில் அந்தப் பெண் சன்னலோரம் நின்றாள்.

"ஏன்டி இப்புடிப் பண்ணுனீங்க? வகுப்பு போயிரும்னு தெரியாதா?"

"தெரியும் டீச்சர். நீங்க இல்லாதப்ப பேசிக்கிட்டோம்." அவள் முகத்தில் குறும்பும் அழுகையும் ஒன்றாக இருந்தன. "எங்களுக்குப் படிக்கணும்னு ஆசைதான். ஆனா அந்த வரிசை எங்களுக்குப் புடிச்சிருக்குன்னு நீங்க தொரகிட்ட சொன்னீங்கன்னு கிளாக்கரய்யா சொன்னாரு, அதத்தான் தாங்க முடியல."

நெற்றியில் கூடைக்கயிற்றைச் சரிசெய்துகொண்டு நிறுவைக்குப் போனாள்.