கேட்டதற்கு மேல் வந்த செக்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் முதன்முதலாகக் குளிர்பெட்டி வந்தது என் வீட்டுக்குத்தான். எப்போதும் குளிரடிக்கும் கேமரன் மலையில் குளிர்பெட்டி எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. நானும் கேட்டேன். ஈப்போவில் இரும்புக் கடையில் வேலை செய்த என் மச்சான் புதிதாக ஒன்று வாங்கியதும், பழையதைத் தங்கைக்கென்று காய்கறி லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டார். மனைவியின் அண்ணன் கொடுத்ததைத் திருப்பி அனுப்பும் துணிச்சல் எனக்கு அன்றும் இல்லை, பிறகும் வரவில்லை.

லயத்துக்குத் தோட்டத்து எஞ்சினிலிருந்து கரண்டு மாலை ஆறு மணிக்கு வரும், பத்து மணிக்குப் போகும். ஆகவே பெட்டி நாளுக்கு நான்கு மணி நேரம் குளிர்ந்தது. மீதி நேரம் வீட்டிலேயே சூடான இடம் அதன் உள்பக்கம்தான். ஷாக் அடித்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த நான்கு மணி நேரத்தையும் நிறுத்தி, வயரைச் சுருட்டிக் கட்டி வைத்தேன். மனைவி அதில் கல்யாணச் சேலை, பிறப்புப் பத்திரங்கள், அரிசி மூன்றையும் வைத்தாள். எலி வராத அலமாரி என்ற அளவில் அது நல்ல பெட்டி.

எண்பதுகளின் தொடக்கம். மகள் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஒருநாள் வாத்தியார் தேயிலைத் தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிட்டார். நான் அங்கே பச்சைக் கொழுந்தை வாட்டும் மாடியில் வேலை செய்தேன்.

"பிள்ளைக்குப் பலகை தெரியலப்பா. முன் பெஞ்சில உக்கார வச்சிட்டேன். இன்னும் முன்னால போகணும்னா பலகை மேலதான் உக்காரணும்."

"கண்ணாடி போடணுமா சார்?"

"ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போயி காட்டு. வருசக் கடைசி பரீட்சைக்குள்ள போட்டுடு. இல்லன்னா மக்குப் பிள்ளைங்களோட சேத்துடுவாங்க. அங்க போன பிள்ளை திரும்பி வராது."

அது எனக்குத் தெரியும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கும் அதே பெயரைத்தான் வைத்தார்கள். கொழுந்துக் கூடை தூக்கப் பலகை தேவைப்படவில்லை.

வீட்டில் விற்கக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். மலையில் யாரும் அதை வாங்க மாட்டார்கள் என்பதால், கீழே வெயிலில் இருப்பவர்கள் பார்க்கட்டும் என்று தமிழ்ப் பத்திரிகைக்கு விளம்பரம் எழுதி அனுப்பினேன். "நல்ல நிலையில்" என்று எழுதியதும் பயம் வந்தது. நாளைக்கு ஆள் வந்து சட்டையைப் பிடித்தால்? "நல்ல நிலையில் இருப்பதாக நம்பப்படுகிறது. நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டும் ஓடியது. விலை 250 வெள்ளி" என்று மாற்றினேன். மனைவி படித்துப் பார்த்து, "வாங்காதீங்கன்னு ஒரு வார்த்தை மட்டுந்தான் பாக்கி" என்றாள்.

ஆனாலும் ஒரு கடிதம் வந்தது. கீழேயிருந்து ஒரு குத்தகைக்காரர். தலைப்பு அச்சடித்த தாள், அடியில் ஊதா நிற ரப்பர் முத்திரை. பெட்டியைப் பார்க்காமலே எடுத்துக்கொள்கிறாராம். கூடவே செக்கு, நானூறு வெள்ளிக்கு. வேறொருவருக்குத் தரவேண்டிய தொகையைத் தவறி என் பெயருக்கு எழுதிவிட்டாராம். பரவாயில்லை, சனிக்கிழமை தன் லோரிக்காரர் வருவார், பெட்டியோடு மீதி நூற்றைம்பது வெள்ளியையும் ரொக்கமாக அவரிடம் கொடுத்துவிட்டால் போதும் என்று எழுதியிருந்தார்.

இதைப் படித்து எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன், பயப்பட வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன். காரணம், எங்கள் பழக்கம். தோட்டத்தில் ரொக்கத்தைச் சம்பளத்தன்றுதான் பார்ப்போம். மற்ற நாளெல்லாம் சீட்டுதான். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி கையெழுத்துப் போட்டு ஒரு துண்டுத் தாள் கொடுத்தால் கடையில் அரிசி கிடைக்கும், மருந்தகத்தில் மருந்து கிடைக்கும். கிராணி சீட்டைத் திருப்பியனுப்பிய ஆள் கிடையாது. ரொக்கமாவது கள்ள நோட்டாக இருக்கலாம். கையெழுத்தும் முத்திரையும் இருக்கிற தாள் எப்படிப் பொய்யாகும்?

என் கவலையெல்லாம் வேறு. அவர் தவறிக் கூடுதலாக அனுப்பிய காசு என்னிடம் இருக்கிறதே, திருடன் என்று நினைத்துவிடுவாரோ என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தானா ராத்தா டவுனுக்குப் போய் பேங்கில் போட லீவு கிடைக்கவில்லை. செக்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, குளிர்பெட்டியில் அரிசிக்கு அடியில் வைத்தேன்.

மீதி கொடுக்கக் கையில் நூற்றைம்பது வெள்ளி ஏது? அடுத்த வீட்டு அக்காவுக்கு அந்த மாதம் கூட்டுப் பணம் விழுந்திருந்தது. லயத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் மாதாமாதம் போட்டு, முறை வைத்து ஒருவர் எடுப்பது. கேட்டுப் பார்க்கிறேன் என்றாள் மனைவி. அக்கா இல்லை என்றுவிட்டால்? அதற்காக வெள்ளிக்கிழமையே மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, "மீதி 150 வெள்ளியைச் சம்பள நாளில் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம்" என்று எழுதினேன். சும்மா எழுதினால் மரியாதையாக இருக்காது என்று தபால் ஸ்டாம்பு ஒன்றை ஒட்டி அதன் மேல் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் லோரி வந்தது. அரிசியை இறக்கி, செக்கை எடுத்துச் சட்டைப் பையில் வைத்து, பெட்டியை இரண்டு கயிற்றால் கட்டித் தயாராக வைத்திருந்தேன். மனைவி அடுத்த வீட்டுக்குப் போயிருந்தாள்.

"அண்ணே, பாக்கி நூத்தம்பது இருக்குன்னு மொதலாளி சொன்னாரு" என்றார் லோரிக்காரர். பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உள்ள வாங்க, தேத்தண்ணி குடிங்க."

"வேணாம் லா அண்ணே. மழைக்கு முந்தி மலைய எறங்கணும். காசு குடுங்க."

சீட்டை நீட்டினேன். இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"என்னாண்ணே இது?"

"சீட்டு. சம்பளத்தன்னிக்கி வந்தா காசு. ஸ்டாம்பு ஒட்டியிருக்கேன்."

"பேப்பர வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? ஒங்கள யாருன்னே எனக்குத் தெரியாது லா. நாளைக்கு இல்லன்னு சொன்னா நான் எங்க போயி நிக்கிறது?"

அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. வாயைத் திறந்து, "சரிதான்" என்றுகூடச் சொன்னேன். சொன்ன பிறகுதான் சட்டைப் பை கனத்தது.

"ஒங்க மொதலாளியையும் எனக்கு யாருன்னு தெரியாதே" என்றேன். மடக்குவதற்காக அல்ல, உண்மையிலேயே கவலையோடுதான் கேட்டேன்.

"அது செக்கு அண்ணே! பேங்க் பேப்பரு!"

"அப்படின்னா ஒன்னு பண்ணலாம். நல்ல பேப்பர நீங்களே வச்சிக்கிங்க. எனக்கு எரநூத்தம்பது வெள்ளி ரொக்கமா குடுத்துடுங்க. பாக்கிப் பேச்சே இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் செக்கை நீட்டிக்கொண்டே நின்றேன். அந்த நேரம் பார்த்து மனைவி ஓடி வந்தாள், கையில் நோட்டுகளோடு.

"ஏங்க, அக்கா குடுத்துட்டாங்க!"

லோரிக்காரர் கையை நீட்டினார். பயந்தால் நான் வழக்கமாக என்ன செய்வேனோ அதைத்தான் செய்தேன்.

"கிராணி ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன். ஆபீஸ் பக்கத்துலதான். பத்தே நிமிசம்."

"கேட்டுட்டு வாங்க. நான் டவுன்ல எண்ணெ ஊத்திட்டு வந்துடறேன்."

லோரி வளைவு தாண்டிப் போனது. பத்து நிமிடம், ஒரு மணி நேரம், மழை, கரண்டு எல்லாம் வந்தன. லோரி வரவில்லை. பெட்டி இரண்டு கயிறோடு வாசலில் நனைந்தது.

"நல்ல ஆள வெரட்டிட்டீங்க" என்றாள் மனைவி. "பிள்ளை கண்ணாடி போனது ஒங்க பயத்தாலதான்." பணத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து படுத்தாள். அவள் சொன்னது சரி என்றே அன்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கிராணி ஐயாவே செக்கை வாங்கி, டவுனுக்குப் போகிறபோது என் கணக்கில் போட்டார். காசாகும் வரை நம்பாதே என்றார். இரண்டு வாரம் மனைவி என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். பிறகு செக்கு ஒரு வெள்ளைத் துண்டோடு திரும்பி வந்தது.

"இந்தக் கணக்குல காசே இல்லையாம்யா. பாக்கி குடுத்திட்டியா?" என்றார் கிராணி ஐயா.

"சீட்டு குடுத்தேன் ஐயா. அவர் வாங்கல."

சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். ஸ்டாம்பைத் தடவிப் பார்த்தார். "இந்த ரெண்டுல நீ எழுதினதுதான்யா நல்ல பேப்பரு" என்றார்.

அன்றிலிருந்து கேட்ட விலைக்கு மேல் யாராவது கொடுத்தால் நான் பொருளை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். கேட்டதைவிடக் குறைத்துக் கேட்கிறவரிடம்தான் எனக்கு நம்பிக்கை.

அப்படி ஒருவர் கோலா தெர்லாவிலிருந்து வந்தார். சீனக் காய்கறித் தோட்டக்காரர். கதவைப் பத்துத் தடவை திறந்து மூடினார், ரப்பரை நகத்தால் கிள்ளினார், உள்ளே தலையை விட்டு மோந்தார். கரண்டு வேண்டாம், விதை வைக்க எலி நுழையாத பெட்டிதான் வேண்டும் என்று மலாய் மொழியில் சொன்னார். நூற்று இருபது வெள்ளி. வாதாடினேன், மசியவில்லை. அதனால் அவரை முழுதாக நம்பினேன். ரொக்கம் கைக்கு வந்த பிறகும் நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் கோபித்துக்கொள்ளாமல், நான் முடிக்கும் வரை சிகரெட் பிடித்தார்.

கண்ணாடிக்கும் ஈப்போ பஸ் செலவுக்கும் அது சரியாக இருந்தது. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. மகள் கண்ணாடி போட்டதும் முதலில் என்னைத்தான் உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, ஒங்க மூஞ்சில இவ்ளோ அம்மைத் தழும்பா?"

"ரொம்ப நாளா இருக்கு. நீ இப்பதான் பாக்கிற."

அவள் பின் பெஞ்சுக்கு மாறினாள். மக்குப் பிள்ளைகளோடு சேர்க்கவில்லை.

ஒருநாள் அவள் குளிக்கப் போனபோது, உடைந்துவிடுமோ என்ற பயத்தோடு அந்தக் கண்ணாடியை எடுத்து என் மூக்கில் வைத்துப் பார்த்தேன். எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரில், தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் நாள் நட்சத்திரமெல்லாம் அச்சடித்திருந்தார்கள். அதுநாள் வரை அங்கே வெறும் கோடுதான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே முழுவதையும் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

பிறகு கழற்றித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. விற்க இன்னொரு குளிர்பெட்டி இல்லை.