சாரலுக்குக் கூரை போட்ட பூங்கா

குத்துக்கல்வலசையில் புது வீடுகளுக்கு நடுவே கிடந்த ஒரு துண்டு இடத்துக்குப் பூங்கா வரைந்து கொடுத்தது நான்தான். தனியாக நான் செய்த முதல் வேலை. எந்தெந்த ஊர்ப் பூங்காப் படங்களையோ பார்த்துப் பார்த்து வரைந்தேன். சறுக்கு, ஊஞ்சல் எல்லாவற்றுக்கும் மேலே தகரக் கூரையும் போட்டேன். பிள்ளைகள் சாரலில் நனையக் கூடாதாம்! நனைவதற்கென்றே எங்கிருந்தெல்லாமோ வண்டி பிடித்துக் குற்றாலத்துக்கு வருகிறார்கள். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இப்படி ஒரு புத்தி.

சீசன் தொடங்கியும் ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் தெருவில் நனைந்துகொண்டு திரிந்தன. குடியிருப்போர் சங்கத் தலைவர் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பிள்ளையளே வர மாட்டேங்கு. கார் நிறுத்த இடம் வேணும்னு எல்லாரும் கேக்காவ. கூரையும் இருக்கு, தோதாப் போச்சு. ஞாயித்துக்கிழம கூட்டத்துல முடிவு பண்ணிருவோம்."

என் முதல் பூங்கா கார் ஷெட் ஆகப் போகிறது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்பு பூங்காவுக்குப் போனேன். கூரைத் தண்ணீரை இறக்கும் குழாய் கழன்று கிடந்தது. மேலேயிருந்து தண்ணீர் கொட்ட, தெருப் பிள்ளைகள் அத்தனையும் அதன் அடியில்! சிலர் அருவிக்குப் போவதுபோல் தலையில் எண்ணெய்கூட வைத்திருந்தார்கள். ஒருத்தி ஓரமாக நின்று விசில் ஊதி, "போதும், நவுரு! அடுத்த ஆளு!" என்று விரட்டினாள். சீசனில் அருவியில் நின்று ஆட்களை நகர்த்தும் போலீஸ்காரர் அப்படியே.

தலைவர் குடையோடு வந்தார். குழாய் கழன்றதையும் என் தலையில் கட்டுவார் என்று நினைத்தேன். அவரோ விசில்காரியிடம் போனார்.

"ஏட்டி, அருவியப் பாத்துகிட்டு நின்னா எப்படி? கூட்டத்தப் பாத்து நில்லு."

குடையை என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்து தலையைக் கொடுத்ததும் விசில் சத்தம். "தாத்தா, போதும்! நவுருங்க!"

முகத்தை வழித்துக்கொண்டு நகர்ந்தார்.

ஈரத்தலையோடுதான் கூட்டத்துக்கு வந்தார். "காரெல்லாம் அவிய அவிய வாசல்லயே நிக்கட்டும்" என்று முடித்துவிட்டார். அப்பாடா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்; நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

குழாயை மறுபடி மாட்டவில்லை. தண்ணீர் விழும் இடத்தில் வழுக்காத கல் பதித்து, அந்தத் தண்ணீர் ஓடிப்போக ஒரு சிறு வாய்க்காலும் வரைந்து கொடுத்தேன். அந்தப் பூங்காவில் நான் உருப்படியாக வரைந்தது அது ஒன்றுதான்.