சுவரில் ஏறிய மோட்டார் சைக்கிள்

பெரியப்பா தன்னுடைய மோட்டார் சைக்கிளை ஹோல் சுவரில் மாட்டப்போகிறார் என்ற செய்தியை நான் முதலில் சொன்னது என் வகுப்புக்குத்தான். பெரியம்மாவுக்கே அது பிறகுதான் தெரிந்தது.

திருகோணமலையில் எங்களுடையது ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. ஒன்று அம்மாவின் அக்காவான பெரியம்மாவின் சீதனம், மற்றது அம்மாவின் சீதனம். அப்பாவும் பெரியப்பாவும் கலியாணம் முடித்து அங்கே வந்து குடியேறியவர்கள். பெரியப்பா மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து இறங்கியபோது இரண்டு பெட்டியும் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிளும் கொண்டுவந்தாராம். கதிரை எங்கே இருக்கவேண்டும், கலண்டர் எங்கே தொங்கவேண்டும் என்பதெல்லாம் பெரியம்மாவின் தீர்மானம். பெரியப்பாவின் செருப்புக்கும் அவதான் இடம் ஒதுக்கியிருந்தா.

அந்த மோட்டார் சைக்கிள் ஒருநாள் ஒரேயடியாக நின்றுபோனது. திருத்துகிறவன் கையை விரித்துவிட்டான். பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுங்கோ என்றா பெரியம்மா.

“இது இரும்புக்குப் போடுற சாமானில்ல. ஹோல் சுவரில ஏத்தப்போறன்” என்றார் பெரியப்பா.

“உங்களுக்கென்ன விசரே? ஆராவது மோட்டார் சைக்கிளைச் சுவரில கொழுவுவினமே? சனம் சிரிக்கும்.”

“சனம் வந்து பாக்கும்.”

துறைமுகத்தில் கப்பலிலிருந்து பாரம் இறக்குகிற பகுதியில் அவருக்கு வேலை. இது எனக்கு ஒரு பாரமா என்று சொல்லிச் சொல்லியே சுவரை அளந்தார், சோக்கட்டியால் புள்ளி போட்டார், இரும்புத் தாங்கிகள் செய்வித்தார். ஒரேயொரு சிக்கல், அந்தச் சுவருக்கு மறுபக்கம் குசினி. பாரம் தாங்குவதென்றால் போல்ட்டுகள் சுவரை ஊடுருவிக் குசினிக்குள் வந்து அங்கேதான் நட் பூட்டவேண்டும். அப்பா ட்றில் மெசினோடு வந்து நின்றபோது, பெரியம்மா சுவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டா.

“என்ர சுவரில ஓட்டை போட விடமாட்டன்.”

சனிக்கிழமை பின்னேரம் பாதி வகுப்பு வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அந்த ஹோலில் கப்பலேறப்போவது என் மானம் மட்டும்தான் என்று அப்போது நினைத்தேன்.

பெரியப்பா சத்தம் போடவில்லை. சோக்கட்டியை யன்னல் விளிம்பில் வைத்தார்.

“சரி, உம்மட சுவர்தான். இவ்வளவு காலத்தில இந்த வீட்டில நான் ஒரு ஆணி அடிச்சிருப்பனே? என்ர எண்டு ஒண்டு கண்ணுக்கு முன்னால இருக்கட்டும் எண்டு ஆசைப்பட்டன். வேற ஒண்டுமில்ல.”

அப்பா திடீரென்று ட்றில் மெசினின் வயரைக் கவனமாக ஆராயத் தொடங்கினார். பெரியம்மா குசினிக்குள் போனா. போத்தல்கள் மோதும் சத்தம் கேட்டது. போச்சுது, எல்லாவற்றையும் போட்டு உடைக்கப்போகிறா என்று எட்டிப் பார்த்தேன். சுவர்த் தட்டில் இருந்த போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து நிலத்தில் அடுக்கிக்கொண்டிருந்தா.

“போடுறதெண்டால் கெதியாப் போடுங்கோ” என்று அங்கிருந்தே குரல் வந்தது. “தூசு என்ர மிளகாய்த்தூளுக்குள்ள விழக்கூடாது. நட்டை இங்கால நான் பிடிக்கிறன்.”

நான் விழுந்து புரண்டு அழுவதற்கு ஆயத்தமாக இருந்தேன். அவ்வளவும் வீணாகிப்போனது.

அதன்பிறகு பெரியப்பாவைப் பார்க்கவேண்டுமே! பெற்றோலையும் எண்ணெயையும் வடித்துவிட்டு, கூரையைத் தாங்கும் மரத்தில் சங்கிலிக் கப்பியைக் கட்டினார். அவர் விரலை மேலே சுழற்றினால் அப்பா சங்கிலியை இழுப்பார். உள்ளங்கையை விரித்தால் நிறுத்துவார். வாயால் ஒரு சொல் இல்லை. மோட்டார் சைக்கிள் அந்தரத்தில் ஆடாமல் அசையாமல் ஏறித் தாங்கியில் போய் உட்கார்ந்தது. குசினிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனைகளில் பெரியம்மா அன்றைக்கே தாச்சியையும் அகப்பையையும் கொழுவிவிட்டா.

சனிக்கிழமை பாதி வகுப்பு வந்து வாய் பிளந்தது. என் மானம் தப்பியது.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூதூரிலிருந்து பெரியப்பாவின் அண்ணா வந்தார். எப்போது வந்தாலும் கதிரை நுனியில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு உடனே எழும்பிவிடுகிற மனிதர். அன்றைக்குக் கதிரையில் இருக்கவேயில்லை. சுவரை அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

“தம்பி, வீட்டுக்காரி ஒண்டும் சொல்லேல்லையே?” என்று மெதுவாகக் கேட்டார்.

பெரியப்பா வாய் திறக்குமுன் பெரியம்மா தேத்தண்ணியோடு வந்துவிட்டா.

“நான் என்ன சொல்ல இருக்கு? அவற்ற வீடு. அவர் விரும்பினதைக் கொழுவுவார்.”

எனக்குப் பிழையைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க ஏலாது. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

“இல்லைப் பெரியம்மா, இது உங்கட சீதன வீடெல்லோ? வீட்டு உறுதிப் பத்திரம் உங்கட பேரிலதானே கிடக்கு?”

பெரியம்மா தட்டத்தை ஆறுதலாக மேசையில் வைத்துவிட்டு, என் கையில் ஒரு கிள்ளுக் கிள்ளினா பாருங்கள், உயிர் போய்வந்தது. பெரியப்பா கடகடவென்று சிரித்தார். அவருடைய அண்ணா கதிரையை இழுத்துப்போட்டு நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

நீதி கேட்டு நேரே எங்கள் வீட்டுக்கு, அப்பாவிடம் ஓடினேன். அம்மா உள்ளே உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. பெரியம்மா பொய் சொன்னவ, உண்மை சொன்ன எனக்குக் கிள்ளு விழுந்தது என்று கையைக் காட்டினேன். அப்பா காயத்தைப் பார்க்கவேயில்லை.

“பெரியம்மா என்ன சொன்னவ?”

“அவற்ற வீடு எண்டு சொன்னவ.”

“அப்பிடியே சொன்னவ?”

“ஓம்.”

“இன்னொருக்காச் சொல்லு பாப்பம்” என்றார் அப்பா, அம்மா இருந்த பக்கம் எட்டிப் பார்த்தபடி.

அப்பா சாட்சி சரியாகக் கேட்கிறார், இனிப் பெரியம்மா பாடு அவ்வளவுதான் என்று எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. உள்ளே அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று, உரத்த குரலில், ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னேன்.