பீடிக் கட்டுக்குப் போன தக்காளி

“…குடுக்கவும் கூடாது, விக்கவும் கூடாதுன்னா, எங்கடையில நின்னுக்கிட்டு என்னையவே களவுக்குத் துணை நிக்கச் சொல்றியாத்தா?” என்று கேட்டார் மளிகைக்கடை பாய். தராசைப் பிடித்த கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பருப்பு வாங்க வந்தவர்கள் பருப்பை மறந்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பாய்க்கு எதிரே நின்றவர் என் அடுத்த வீட்டு மதினி. துணைக்கு நான். மதினி உண்டாக்கிய தக்காளி ஜாதியில் உலகத்தில் மிச்சமிருந்த ஒரே செடி, அந்தக் கடைக்கு மேலே மொட்டைமாடியில், எண்ணெய் டின்னில் நின்றது. மதினிக்கு அதன் பழம் வேண்டும். ஆனால் யார் கொடுத்தாலும் வாங்கமாட்டார்.

இது கிறுக்குத்தனமாகப் படும். மதினியின் கொல்லையைப் பற்றித் தெரிந்தால் அப்படிப் படாது. கொஞ்சமாகப் படும்.

எழுபதுகளின் கடைசி. நான் போடிக்கு வாழ வந்த புதிது. மதினியின் வீட்டுக்காரர் குரங்கணி மலைப் பக்கம் ஜீப்பு ஓட்டினார். ஏலத்தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் அந்த ஜீப்பில்தான் மேலே போகும். எல்லாம் போய்ச் சேரும், தக்காளி மட்டும் சேராது. “ஏத்துறது தக்காளி, எறக்குறது ரசம்” என்று ஜீப்புக்காரர்களே சொல்லிக்கொள்வார்கள். நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பு உண்டு, தோல் கிடையாது. சந்தைக்குப் புதிதாக வந்த சீமைத் தக்காளிக்குத் தோல் உண்டு, புளிப்பு கிடையாது. “அதப் போட்டு வச்ச கொழம்பு, கோவிச்சுக்கிட்ட மாப்ள மாதிரி. பந்தியில ஒக்காந்திருக்கும், பேசாது” என்பார் மதினி.

இரண்டையும் சேர்த்துவைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பூசணியில் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தேய்த்துவிடுவது அவருக்குத் தெரிந்த வேலைதான். தக்காளியில் சிக்கல் என்னவென்றால் ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் குடித்தனம் நடத்துகின்றன. மதினி விரியாத மொக்கைப் பிரித்து, உள்ளே இருக்கும் மஞ்சள் குழலை ஊக்கால் கிள்ளி எடுத்துவிடுவார். மறுநாள் மற்றச் செடியின் பூந்தூளைக் கோழியிறகில் தொட்டுத் தடவி, காம்பில் சிவப்பு நூல் கட்டுவார். அந்த நூல் தெருவுக்கே கேலியானது.

“என்ன மதினி, இன்னைக்கும் முகூர்த்தமா?”

“ஆமா. மொய்ய எழுதிட்டு உள்ள வா.”

பிறந்த பிள்ளைகள் ஒன்றுபோல இல்லை. ஒன்று உருண்டை, ஒன்று கோணல், ஒன்று அப்பனைப்போலச் சப்பை. மதினி ஒவ்வொரு பட்டத்திலும் புளிப்பானதை நாக்கு வைத்துத் தேர்ந்தெடுத்தார். தோலுக்குப் பரீட்சை வேறு. பழங்களை மஞ்சள் பையில் கட்டி, ஜீப்பின் ஸ்பானர்ப் பெட்டியில் போட்டு மலைக்கு அனுப்புவார். போய்த் திரும்பியும் முழுசாக இருப்பது தேறியது. அதன் விதை அடுத்த பட்டத்துக்கு. தோற்றது அன்றைக்குக் குழம்பு. டீசல் வாசம் அடிக்கும் அந்தக் குழம்பை நானும் சாப்பிட்டிருக்கிறேன். பசிக்கு மோசமில்லை.

விதை பகிர்வதில் எங்கள் தெருவுக்கு ஒரு சட்டம் இருந்தது. கொடுத்த விதை விளங்காது, களவாண்ட விதைதான் காய்க்கும். மதினிக்கு அதில் அசையாத நம்பிக்கை. இது தெரியாமல் நான் முதல் தடவை போய், “ஒரு பழம் தாங்க மதினி, வெதைக்கு வேணும்” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

“கேட்டுட்டியே புள்ள. இனி இன்னைக்கு ஒண்ணும் ஆகாது. போய்ட்டு நாளைக்கு வா. ஒண்ணும் தெரியாத மாதிரி வா.”

மறுநாள் ஒன்றும் தெரியாத மாதிரி போனேன். காப்பி போடுகிறேன் என்று உள்ளே போனவர் வரவே இல்லை. ஒரு காப்பிக்கு எந்த ஊரிலும் அவ்வளவு நேரமாகாது. கடைசியில் வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, செடியைப் பார்த்தார். “கை நல்ல கைதான். நல்ல பழமாப் பாத்து எடுத்திருக்க” என்றார். காப்பி கொண்டுவரவில்லை.

இப்படியே தெரு முழுக்கக் களவாண்டது, பாய் ஒருவரைத் தவிர. அவரும் மாடியில் டின்களில் செடி வளர்ப்பவர். செடிமேல் அவ்வளவு பிரியம். ஆனால் எடைக்கல்லைத் தினம் துடைத்து வைக்கிற மனிதர், அடுத்தவர் கொல்லையில் கை வைப்பாரா? “கேட்டு வாங்கித்தான் எனக்குப் பழக்கம்” என்பார். “கேட்டா கெடையாதுண்ணே” என்பார் மதினி. இருவருமே நல்லவர்கள் என்பதால் ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு புரட்டாசியில் அந்தச் செடி வந்தது. பழம் வாயில் வைத்தால் கண் சுருங்கும் புளிப்பு. தோல் ஸ்பானரோடு உருண்டும் கீறவில்லை. மதினி பூரித்துப்போனார். விதை பெருகும்வரை இதில் மட்டும் யாரும் கை வைக்கக்கூடாது என்று தெருவுக்குச் சொல்லிவிட்டார். களவாணிகள் கட்டுப்பட்டோம். பழங்களைப் பிதுக்கி, விதையைச் சாம்பலில் பிரட்டி, சாணியில் வைத்துக் கொல்லைச் சுவரில் தட்டினார். தைப் பட்டத்துக்கு எடுக்கலாம். அதற்குள் செடியும் மழையில் அழுகிப்போனது. இருந்ததெல்லாம் சுவரில்தான் இருந்தது.

மதினியின் வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் யாரும் சொல்லாமல் தானாகச் செய்த வீட்டுவேலை ஒன்றே ஒன்று. பொங்கலுக்கு முன்னால், மதினி சந்தைக்குப் போன நேரத்தில், கொல்லைச் சுவருக்கு வெள்ளையடித்தார். அடிப்பதற்கு முன் அசிங்கமாக ஒட்டியிருந்த சாணியைச் சுரண்டினார். காய்ந்த சாணியை வீணாக்குவானேன் என்று வெந்நீர் அடுப்பில் போட்டார். சுடச்சுடக் குளித்துவிட்டு, திருநீறு பூசி, மதினி வந்து மெச்சுவார் என்று வாசலில் நின்றார்.

மதினி அழவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எத்தன வருசத்துப் பாடு. தண்ணி சூடாப் பத்துச்சா, இன்னும் ரெண்டு சட்டி வேணுமா?” என்று மட்டும் கேட்டார். பொங்கல் வந்தது, போனது. அந்த வீட்டில் பானை பொங்கிற்று, யாரும் பேசவில்லை.

பேச்சில்லாத வீட்டில் இருக்க முடியாமல் வீட்டுக்காரர் பாய் கடையில் போய்ப் புலம்பியிருக்கிறார். பாய் நிதானமாக, “அந்தப் பீடித் தக்காளியா? மாடியில பழுத்துக் கெடக்கே” என்றாராம். அப்போதுதான் அந்த மனிதருக்கு நினைவு வந்தது. புரட்டாசியில் ஒருநாள் மலையிலிருந்து திரும்பும்போது சட்டைப்பையில் காசில்லை. பெட்டியிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒரு கட்டு பீடி வாங்கியிருக்கிறார். வாங்கிய பழத்தைப் பாய் விதைத்துவிட்டார். விலைக்கு வாங்கியது, களவில்லை.

சேதி கேட்டதும் மதினி கூந்தலை முடிந்துகொண்டு கிளம்பினார். “வெரசா வா புள்ள” என்று என்னையும் இழுத்துக்கொண்டார்.

“எம்புள்ளைய ஒரு கட்டு பீடிக்கு வித்துட்டு வந்திருக்காரு, நீங்களும் வாங்கி வச்சிருக்கீங்க” என்று கடையில் ஆரம்பித்தார்.

“அதான் வளத்தும் வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போத்தா. ஒன் சொத்துதான.”

“குடுத்தா வெளங்காதுண்ணே.”

“அப்ப ஒரு கட்டு பீடியக் குடுத்து மீட்டுக்க.”

“பெத்தவ பிள்ளைய வெல பேசுவாளா? நீங்க பாட்டுக்கு மாடிக் கதவத் தொறந்து போட்டுட்டு யாவாரத்தப் பாருங்க. நான் வந்தது ஒங்களுக்குத் தெரியவே வேணாம்.”

“எனக்குத்தான் தெரியுமே” என்றார் பாய். அதற்குப் பிறகுதான் களவுக்குத் துணை நிற்கச் சொல்கிறாயா என்று கேட்டார். கேட்டதில் கோபமில்லை, மனத்தாங்கல் இருந்தது.

மதினி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றார். “ரெண்டு பேரும் நேர்மையா இருந்தே ஒரு ஜாதிய அழிச்சிருவீக போல” என்றார் பருப்பு வாங்க வந்த ஒருவர்.

பாய் தாடியைத் தடவினார். தராசைக் கீழே வைத்துவிட்டு மாடியேறினார். இறங்கி வரும்போது கையில் இரண்டு பழம். மதினி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பாய் அவர் பக்கம் வரவே இல்லை. கல்லாவை ஒட்டிக் கறிவேப்பிலைக் கூடை ஒன்று இருக்கும். சாமான் வாங்கியவர்கள் போகும்போது கொசுறுக்கு ஒரு கொத்து கிள்ளிக்கொண்டு போவார்கள். அதை யாரும் கேட்பதில்லை, பாயும் எடுத்துக் கொடுப்பதில்லை. அதற்கு விலை கிடையாது. எடுத்தவரைக் களவாணி என்று சொன்ன கடைக்காரரும் கிடையாது. பாய் பழங்களை அந்தக் கறிவேப்பிலை மேல் வைத்தார். தராசைத் தூக்கினார்.

“சொல்லாத்தா. பருப்பு எவ்வளவு?”

மதினி கூடையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். “நூறு கிராம் போடுங்கண்ணே” என்றார்.

பாய் நிறுத்தார். பொட்டலம் மடித்து, சணல் சுற்றி, கல்லா மேல் வைத்தார். பிறகு கறிவேப்பிலைக் கூடையை மதினியின் பக்கமாக ஒரு சாண் தள்ளிவிட்டார்.