ஆறு பொத்தான்களும் கடைமடைத் தோட்டமும்

கோபம் இன்னும் அடங்கவில்லை எனக்கு.

ஸ்ரீவைகுண்டம் பக்கம், ஆற்றிலிருந்து ஒரே மோட்டாரில் தண்ணீர் ஏற்றி ஆறு வாழைத்தோட்டங்களுக்குப் பிரித்துவிடும் ஏற்பாடு. தோட்டத்துக்கு ஒரு மின்வால்வு. தோட்டக்காரர்கள் சங்க அறையில் மடிக்கணினி, திரையில் ஆறு பொத்தான்கள். பைத்தான் என்ற கணினி மொழியில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். கவிதை எழுதுகிறவனுக்கு இது எதற்கு என்றார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

எதையும் தண்ணீர் முதலில் எட்டும் தலைமடையிலிருந்து தொடங்குவதுதான் அங்கே வழக்கம். அந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பழைய எரிச்சல். வெள்ளோட்டத்தன்று வீம்பாக ஆறாவது பொத்தானை அழுத்தினேன். கடைசித் தோட்டமான கடைமடையில் தண்ணீர் கொப்பளித்தது. கணவர் வளைகுடாவில் இருக்க, தனியாக வாழை பார்க்கும் அந்தத் தோட்டக்காரம்மா காலை நனைத்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மற்ற ஐந்தையும் அழுத்திப் பார்க்காமல் டீ குடிக்கப் போனேன். கிறுக்கன்.

மறுநாள் ஐந்து பேர் முறையிலும் பொத்தான் பச்சையானது, மோட்டார் ஓடியது, தோட்டத்தில் சொட்டு இல்லை. வோல்டேஜ் குறைவு என்று முனகிக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அத்தனை முறைத் தண்ணீரும் கடைமடையில் முழங்கால் அளவு நிற்கிறது.

தலைமடைக்காரர்தான் சங்கத் தலைவர். கேட்டார்: "தண்ணியத் திருப்பி விட எத்தனை குலை தாரேன்னா வே அவ, ஒமக்கு?"

தப்பு எனது. ஒன்று முதல் ஆறு வரை எண்ணிக்கொண்டே போகும் ஒரே சுற்றில் ஆறு பொத்தான்களையும் உண்டாக்கி, அழுத்தும்போது ஓட வேண்டிய ஒரு சிறு கட்டளைத் துண்டை, ஒரு ஃபங்ஷனை, ஒவ்வொன்றிடமும் ஒப்படைத்திருந்தேன். கால்பேக் என்போம். எந்த வால்வு என்ற எண்ணையும் அதன் கையில் அப்போதே கொடுத்துவிட வேண்டும். நான் கொடுக்கவில்லை, அழுத்துகிற நேரத்தில், சுற்றின் எண்ணை வைத்திருக்கும் மாறியைப் போய்ப் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன். சுற்று முடிந்த பிறகு மாறியில் மிச்சமிருந்தது கடைசி எண் மட்டும்தான். எல்லாப் பொத்தானும் அதையே படித்தது.

சொன்னேன். தலைவர் காதில் ஏறவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். அடுத்த அஞ்சு முறை அவளுக்குக் கிடையாது. குடிச்ச தண்ணிக்கு ஈடு."

நாலு நாளைக்கு ஒரு முறை. ஐந்து போனால் இருபது நாள், கோடை, குலை தள்ளுகிற நேரம். வாழை அப்படியே மடங்கிப் போகும். அந்தம்மா வடிகால் வெட்டிய மண்வெட்டியோடு வாசலில் நின்றார். "நானா கேட்டேன் இந்த வெள்ளத்த? வேரு அழுகிரும்னு வடிய விட்டுக்கிட்டு இருக்கேன். என் முறையத் தந்தா போதும்."

மற்ற நாலு பேரும் தலைவர் பக்கம் பார்த்துத் தலையாட்டினார்கள்.

மறுநாள் காலை அதே தப்பான நிரலில் ஒன்றை மட்டும் மாற்றினேன். பட்டியலில் கடைமடையை முதலில் வைத்தேன், தலைவர் தோட்டத்தைக் கடைசியில். ஆறு பேரையும் கூப்பிட்டு, "அவரவர் பொத்தான அழுத்துங்க" என்றேன். ஒவ்வொருவராக அழுத்தினார்கள். தோட்டத்தில் நின்ற ஆளிடமிருந்து தலைவருக்குக் கைபேசியில் அழைப்பு வந்தது. ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணாச்சி, யாரு அழுத்துனாலும் நம்ம தோட்டத்துலதான் பாயுது."

அந்தம்மாதான் பைய கேட்டார்: "நீங்க எத்தனை குலை தாரேன்னீய, அண்ணாச்சி?"

ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். தலைவர் கண்ணாடியைத் துடைத்தார். "மிசினு தப்புன்னா மிசினு தப்பு. முறை முறையாவே போவட்டும்." அவ்வளவுதான். அந்தம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபங்ஷனும் பிறக்கும்போதே தன் எண்ணை வாங்கிக்கொள்ளும்படி திருத்தினேன். ஒரு வரியில் ஒரு சின்னச் சேர்ப்பு, வேறொன்றுமில்லை. இந்தத் தடவை ஆறையும் அழுத்திப் பார்த்தேன். தண்ணீர் அதனதன் இடத்துக்குப் போனது.

கிளம்பும்போது தலைவர் திரையைக் காட்டினார். "அவ பேரு மேல நிக்கி. வரிசைய மாத்திட்டுப் போவும்."

"இனி வரிசை எப்படி இருந்தாலும் தண்ணி சரியாத்தான் போவும், அண்ணாச்சி."

மாற்றவில்லை. இன்றைக்கும் அங்கே கடைமடைதான் முதல் பொத்தான்.